அப்டன் பார்க்கில் மல்லி மணந்தவர்

என் மகள் ஆஸ்பத்திரி மருந்தாளர் வேலையை விட்டுவிட்டு ஜின் வடிக்கப் போவதாகச் சொன்னபோது, என் மனைவி "குடிவகையோ?" என்று கேட்டாள். நான் "ஆரோடை சேர்ந்து?" என்று கேட்டேன்.

தென்லண்டன் கவுன்சில் ஒன்றின் உரிமப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். மதுக்கடை, பின்னிரவுக் கபே, கலியாண மண்டபம் எதுவானாலும் அதன் விண்ணப்பம் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு விண்ணப்பத்தில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவது கையொப்பத்தை. முதல் கையொப்பம் போடுகிறவர் ஆசைப்படுகிறவர். இரண்டாமவருக்கு எப்போதும் வேறு ஏதாவது காரணம் இருக்கும்.

இங்கே இரண்டாவது கையொப்பம் ஒரு கோயம்புத்தூர்க்காரருடையது. இரசாயனப் பொறியியல் படித்துவிட்டு வங்கியொன்றில் கணினி வேலை பார்ப்பவர். மகளுக்கு அறிமுகமானது ஒரு வார இறுதி வடிப்பு வகுப்பில். எதைச் சொன்னாலும் அதில் ஒரு 'ங்க' சேர்த்துவிடுவார். அவ்வளவு மரியாதையை நான் என் உத்தியோக காலத்தில் மதுக்கூட முதலாளிகளிடம்தான் கண்டிருக்கிறேன், அதுவும் பரிசோதனைக்குப் போன நாட்களில்.

அவர் முதல்முறை வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பிள்ளை, உன்ரை பங்காளி வந்திருக்கிறார்."

அவர் சிரித்துவிட்டார். "பங்காளியாங்க ஆன்ட்டி? எங்க ஊர்ல பங்காளின்னா கோர்ட்டுல பாத்துக்கறவங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

தென்லண்டனில் சட்டன் என்ற ஊருக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் இடம் எடுத்தார்கள். ஒரு பக்கம் கார்களுக்கு வர்ணம் அடிக்கும் பட்டறை, மறுபக்கம் ஞாயிறுதோறும் மேளம் கொட்டிப் பிரார்த்தனை செய்யும் ஒரு சபை. கடிதப் போக்குவரத்து முழுவதையும் நானே பார்த்துக்கொண்டேன். வடிப்பதற்கு வரித் திணைக்களத்தின் அனுமதி, விற்பதற்குக் கவுன்சிலின் உரிமம், தீ ஆபத்து மதிப்பீடு. விண்ணப்ப அறிவித்தலை வெளிர்நீலத் தாளில்தான் கதவில் ஒட்ட வேண்டும். வெள்ளைத் தாளில் ஒட்டிவிட்டு முழு விண்ணப்பத்தையும் முதலில் இருந்து தொடங்கிய மேதாவிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் தாள் நீலமாக இருந்தது. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜின் என்பது பெரிய மாயம் இல்லை. மணமோ ருசியோ இல்லாத தானியச் சாராயத்தை மொத்தமாக வாங்கி, அதில் ஜூனிப்பர்ப் பழம், எலுமிச்சைத் தோல், சில வேர்கள் எல்லாவற்றையும் ஊறவைத்து, செப்புப் பானையில் மறுபடி காய்ச்சி வடிப்பதுதான். ஜூனிப்பருக்கு அடுத்தபடி அதிகமாகப் போவது கொத்தமல்லி விதை, எங்கள் வாயில் வெறும் மல்லி. ஒரு யாழ்ப்பாணத்தானுக்கும் ஒரு கோயம்புத்தூர்க்காரருக்கும் மல்லியைப் பற்றி எவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை என்று அப்போது நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

மாதிரி வடிப்புகளுக்கான மல்லியை நான்தான் வாங்கினேன். கிழக்கு லண்டனில், அப்டன் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் பழைய சிநேகிதரிடம் போனேன். ஒரு நகரத்தைக் குறுக்கே கடந்து மல்லி வாங்குவது மடத்தனம்தான். ஆனால் அவர் நிறுத்துத் தருவதை மறுபடி நிறுக்க வேண்டியதில்லை.

"அண்ணை, சட்டனிலை கசிப்புக் காய்ச்சிறியளாம் எண்டு விம்பிள்டன் கோயிலடியிலை கதை," என்றார் அவர், மல்லியை அள்ளிக்கொண்டே.

"கசிப்பு எண்டால் உரிமம் இல்லாதது. இது உரிமத்தோடை."

"அப்ப விலையும் கூடத்தான் இருக்கும்."

பையைக் கொண்டுவந்து வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். சனி, ஞாயிறு அங்கேயே இருந்தது. திங்கட்கிழமை, மனைவி வாயை இறுக்கிக் கட்டி வைத்திருந்த அதே பையைத் தூக்கிக்கொண்டு போய் வடிசாலையில் கொடுத்தேன்.

கோயம்புத்தூர்க்காரர் சிறிய பானையில் மாதிரிகள் வடித்தார். நாலைந்து மதுக்கூடங்கள் நடத்தும் ஓர் ஆங்கிலப் பெண்மணி வந்து ருசி பார்த்தாள். ஒரு மாதிரியைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பின்னால் ஏதோ ஒரு சூடு இருக்கிறது, பேக்கரிக்குள் நுழைந்தமாதிரி இருக்கிறது என்றாள். முதல் பருவத்தில் வடிப்பது முழுவதையும் தானே எடுப்பதாகச் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை, போத்தலில் வருவது இந்த மாதிரியாகவே இருக்க வேண்டும்.

ஓர்டர் வந்துவிட்டது என்றதும் நான் நடைமுறையைச் சீராக்கினேன். இனிமேல் பலசரக்குக் கடைச் சாமான் கிடையாது. தொகுதி இலக்கமும் சான்றிதழும் உள்ள சாமான் மட்டும், பதிவுபெற்ற மொத்த வியாபாரியிடம் இருந்து மட்டும். மல்லியும் அப்படியே முத்திரை வைத்த பையில் வந்து இறங்கியது.

பெரிய பானையின் முதல் வடிப்பை மகள் ஒரு சிறிய கிளாஸில் ஊற்றி ஆளுக்கு ஒரு மிடறு தந்தாள். ஜின்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. சூப்பர் மார்க்கெட் தட்டில் நிற்கும் எந்த ஜின்னுக்கும் இது ஒன்றுவிட்ட சகோதரன். பேக்கரி மட்டும் இல்லை.

இரண்டாவது வடிப்பிலும் இல்லை.

"ரெசிப்பி அதேதாங்க சார்," என்றார் கோயம்புத்தூர்க்காரர். "ஒரு கிராம் மாறலைங்க."

"பானை மாறினது."

"பானை மாறினா ஜூனிப்பர் மாறலாங்க, எலுமிச்சை மாறலாம். இது வேறங்க. ஏதோ ஒண்ணு உள்ளயே வரல."

மகள் கிளாஸ்களை எடுத்துப்போய்க் கழுவினாள். அன்று மாலை என்னைக் காரில் வீட்டுக்கு ஏற்றிவரும்போதுதான் வாய் திறந்தாள். அந்தப் பெண்மணி இன்னும் ஒரேயொரு முறை வருவாளாம், அடுத்த வெள்ளிக்கிழமை. கட்டடச் சொந்தக்காரருக்கு இடத்தை வைத்திருப்பதா விடுவதா என்று சொல்ல வேண்டியதும் அந்த வாரத்தில்தான்.

"இது சரிவரேல்லை எண்டா, யூனிட்டைத் திருப்பிக் குடுத்திட்டு ஆஸ்பத்திரிக்கே போறன் அப்பா. எனக்கு வேற வழி தெரியேல்லை."

அவள் சாலையைப் பார்த்தபடி சொன்னாள். சின்ன வயதிலும் அழுகை வந்தால் அவள் எதையாவது உற்றுப் பார்ப்பாள்.

அந்த இரவிலிருந்து நான் என் பழைய விசாரணை வேலைக்குத் திரும்பினேன். மாதிரியை வடித்தவர் தனியாக நின்று வடித்தார். என்ன போட்டார் என்பதற்கு அவர் சொல்வதைத் தவிர ஆதாரம் இல்லை. தொலைபேசி அடித்தால் வெளியே போய்த்தான் பேசுவார். போதாததற்கு, ஓர்டர் வந்த மறுநாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேங்க சார். ரெசிப்பி கம்பெனி பேர்ல இருக்குமா, ஆள் பேர்ல இருக்குமா?"

உரிமப் பிரிவில் 'ஒரு பேச்சுக்கு' என்று கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான் உண்மையான கேள்வி. ஆள் உண்மையான செய்முறையை ஒளித்து வைத்திருக்கிறார், எங்கள் இடம் விழுந்ததும் தனக்கென்று ஒன்று தொடங்கப் போகிறார் என்று எழுதப்படாத அறிக்கையொன்று என் தலைக்குள் உருவாகிவிட்டது. அதில் ஒரு பந்திதான் காலியாக இருந்தது. அதையும் அப்டன் பார்க் சிநேகிதர் தொலைபேசியில் நிரப்பினார்.

"அண்ணை, உங்கடை இந்தியாக்காரத் தம்பி இஞ்சை வந்து கடை கடையா மல்லி மணந்து பாக்கிறார்."

"மணந்தோ?"

"கையிலை எடுத்துக் கசக்கி மணக்கிறார். வாங்கேல்லை. என்னட்டையும் வந்தவர். சிலோன் மல்லி இருக்கோ எண்டு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. மல்லியிலை சிலோன் என்ன, சீனா என்ன?"

இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? எங்களுக்குத் தெரியாமல் சாமான் தேடுகிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி அவருக்குச் செய்தி அனுப்பினேன். பேச வேண்டிய விடயங்களை இலக்கமிட்டு அனுப்பினேன். மகளுக்குச் சொல்லவில்லை.

நான் கணக்கில் எடுக்காதது மனைவியை. அன்று அவள் வருடத்துக்கான தூள் இடிக்கும் வேலையைத் தொடங்கியிருந்தாள். மிளகாயும் மல்லியும் வறுக்கிற நாளில் எங்கள் வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கும். புகை எச்சரிக்கை மணிக்கு, குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை மாட்டிவிடுவாள். தீயணைப்பு விதிகளைப் பற்றி இருபது பக்கம் எழுதிய என் வீட்டில்தான் இது நடக்கிறது. பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

கோயம்புத்தூர்க்காரர் வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். நான் முதலாவது விடயத்தைத் தொடங்கினேன்.

"தம்பி, நான் நேராய்க் கேக்கிறன். நீங்கள் அப்டன் பார்க்குக்குப் போனனீங்களோ?"

அவர் தலையைக் கொஞ்சம் உயர்த்தி மூக்கால் காற்றை இழுத்தார். ஒற்றைக் காலில் சப்பாத்தோடு அப்படியே நின்றார்.

"சார், வந்திருச்சுங்களா? சிலோன் மல்லி?"

என்னைத் தாண்டிக் குசினிக்குப் போய்விட்டார். நான் பின்னால் போனேன். மனைவி பெரிய தாச்சியில் மல்லியைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

"என்ன தம்பி, பசிக்குதோ?"

"ஆன்ட்டி, இந்த மல்லி எங்க வாங்கினீங்க?"

"சந்திக் கடையிலை. ஏன்?"

"சிலோன்ல இருந்து வர்றதில்லைங்களா?"

"உதென்ன கதை. மல்லி மல்லிதானே. வறுத்தால் எல்லாம் ஒண்டுதான்."

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். பிறகு மறுபடி அவளிடம், ஒரு குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"அன்னிக்கு சார் வாங்கிட்டு வந்து ரெண்டு நாள் இங்க இருந்துச்சே, ஒரு பை. அதையும்..?"

"ஓம், வறுத்துத்தான் கட்டி வைச்சனான். பச்சை மல்லியை ஆர் பாவிக்கிறது?"

"பச்சை மல்லியா? இலைங்களா?"

"இலை இல்லையப்பா. வறுக்காத மல்லி."

ஒரு வீட்டுக்குள் ஒரு பை மல்லி வந்தால் அது வறுக்கப்பட வேண்டும் என்பது அவளுக்கு வாதத்துக்குரிய விடயமே இல்லை. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்கள் கேட்டனீங்களே? மல்லி வாங்கியந்து வைச்சனீங்கள். வைச்சிட்டு உங்கடை கடிதங்களோடை போய் இருந்திட்டியள்."

"தம்பி, உங்களுக்கு நிறம் தெரியேல்லையோ?" என்று நான் அவரைப் பிடித்தேன். "வறுத்த மல்லிக்கும் வறுக்காததுக்கும் வித்தியாசம் தெரியாத பொறியியலாளரோ?"

"தெரிஞ்சுதுங்க. கொஞ்சம் பழுப்பா இருந்துச்சு, மணமும் வேற. உங்க ஊர் மல்லி அப்படித்தான் போலன்னு நினைச்சேங்க. கேட்டா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு விட்டுட்டேன். புதுப் பை வெளிறிப் போய் வந்ததும் அதைத் தேடித்தான் அப்டன் பார்க் போனேங்க."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே."

அவர் தாச்சியைப் பார்த்தபடி சொன்னார்.

"நீங்கதான் பையை மாத்திட்டீங்கன்னு நினைச்சேங்க சார்."

"நான் ஏன் மாத்திறன்?"

"இந்தத் தொழிலே உங்களுக்குப் பிடிக்கலைன்னு... திரும்ப ஆஸ்பத்திரி வேலைக்கே போகட்டும்னு." பிறகு மிக மெதுவாக, "அவங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருக்குங்க" என்றார்.

மகளைத்தான் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் போய், ஏற்கெனவே திறந்திருந்ததை இன்னும் கொஞ்சம் திறந்தேன். கையில் இருந்த தாளில் ரெசிப்பி யார் பெயரில் என்ற கேள்வி மிச்சம் இருந்தது. எதையாவது பேச வேண்டும் என்பதற்காக அதைக் கேட்டேன். அவருடைய வங்கி ஒப்பந்தத்தில், அவர் கண்டுபிடிக்கும் எதுவும் வங்கிக்கே சொந்தம் என்று ஒரு வரி இருக்கிறதாம். அதனால்தான் ரெசிப்பியை மகளின் பெயரில் போட்டுவிடலாமா என்று யோசித்தாராம். வரியைக் காட்டச் சொன்னேன். தொலைபேசியில் காட்டினார். இருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

விளங்கியதும் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தோம். மனைவி ஒரு பிடி வறுத்துக் கொடுத்தாள். அவர் கசக்கி மணந்துவிட்டுத் தலையாட்டினார். "இல்லைங்க ஆன்ட்டி. அது இன்னும் ஆழமா இருந்துச்சு."

"அண்டைக்குக் கொஞ்சம் கறுத்துப் போச்சுது. கனடாவிலை இருந்து அக்கா போன் எடுத்தவ. கதையிலை விட்டிட்டன்."

"எவ்வளவு நேரம் கதைச்சனீர்?" என்றேன்.

"ஆருக்குத் தெரியும்?"

"என்ன கதைச்சனீர்? அதை வைச்சு நேரத்தைக் கணக்குப் பாக்கலாம்."

"அது உங்களுக்குத் தேவையில்லை."

"இது பிள்ளையின்ரை தொழில்."

அவள் அடுப்பை அணைத்தாள். "உங்களைப் பற்றித்தான். பிள்ளையின்ரை கடையை இந்த மனிசன் கவுன்சில் ஒஃபிசாக்கிப் போட்டுது எண்டு சொன்னனான். தொடக்கத்திலை இருந்து சொன்னனான்."

கோயம்புத்தூர்க்காரர் அலமாரியில் இருந்த மிளகாய்ப் போத்தலை வெகு கவனமாக வாசிக்கத் தொடங்கினார்.

வீட்டுக் குசினியில் வறுத்து விற்பனைச் சாமானில் போட முடியாது. பதிவில்லாத இடம். அந்த விடயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எனவே செவ்வாய்க்கிழமை தாச்சி சட்டனுக்குப் போனது. சாராயம் உள்ள கட்டடத்தில் திறந்த நெருப்புக் கூடாது என்று மதிப்பீட்டில் எழுதியவனும் நான்தான். பின்கட்டில் தனி அறையில் மின்னடுப்பு வைத்து, கதவைச் சாத்தி, மகள் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டாள். ரொறன்ரோவில் அப்போது காலை. அக்காவுக்கு விடயம் சொல்லப்பட்டது. அண்டைக்குக் கதைத்ததை அப்படியே திரும்பக் கதைக்க வேண்டும் என்று.

"முழுக்கவோ?" என்றார் அக்கா. "அவர் பக்கத்திலை நிக்கிறாரோ?"

"நிக்கிறார்."

"அப்ப நல்லது."

நான் வெளியே முற்றத்தில் நின்றேன். வர்ணப் பட்டறைக்காரர்கள் தேநீர் குடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். கதவுக்கு அப்பால் என் மனைவி என் குணங்களை வரிசையாகச் சொல்வதும், அக்கா இடையிடையே "உது எனக்குக் கலியாணத்தண்டே தெரியும்" என்பதும், கோயம்புத்தூர்க்காரர் வெப்பமானியைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் போகலாங்க ஆன்ட்டி, நிறுத்தாதீங்க" என்பதும் தெளிவாகக் கேட்டன. சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை உண்மை. நேரம் போகப் போக விவரங்கள் நுணுக்கமாகின.

ஒரு கட்டத்தில் மகளின் சிரிப்புக் கேட்டது. பல வாரமாகக் கேட்காதது.

அந்த மல்லியை ஊறவைத்து வடித்தார்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பெண்மணி வந்தாள். நாங்கள் நால்வரும் சுவரோடு நின்றோம். மகள் கிளாஸை நீட்டிவிட்டுச் செப்புப் பானையை உற்றுப் பார்த்தாள். பெண்மணி மணந்தாள், ஒரு மிடறு குடித்தாள், முன்புபோலவே கண்ணை மூடினாள்.

இதுதான், என்றாள். இதேதான்.

பேச்சு முடிந்து அவர்கள் தாள்களில் கையொப்பமிடும்போது மிச்சமிருந்ததை நான் ருசி பார்த்தேன். பழைய மாதிரிப் போத்தலில் அடியில் கொஞ்சம் இருந்தது, அதையும் பார்த்தேன். இதேதான் இல்லை. புதியதில் கறுப்பு ஒரு படி கூட, கடைசியில் கோப்பி மாதிரி ஒரு கசப்பு. செவ்வாய்க்கிழமை அக்காவும் தங்கச்சியும் சற்று அதிகமாகவே கதைத்துவிட்டார்கள். அப்படியானால் அந்தப் பெண்மணியின் மூடிய கண்களுக்குள் என்னதான் நடந்தது? ஒன்றில் அவளுக்கு நாக்கு இல்லை. அல்லது தெரிந்தும் ஏதோ காரணத்துக்காக எடுக்கிறாள்.

முற்றத்தில் கோயம்புத்தூர்க்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், அது சாம்பிள் மாதிரி இல்லைங்க."

"ஓம்."

"கொஞ்சம் தூக்கலா இருக்குங்க."

"தெரியும்."

"அவங்ககிட்ட சொல்லிடலாங்களா?"

"அவ கேட்டவவோ?"

"இல்லைங்க."

"கேக்காத கேள்விக்கு விண்ணப்பகாரர் பதில் எழுதக்கூடாது, தம்பி. போத்தலிலை வரப்போறதைத்தான் அவ குடிச்சவ, அதுக்குத்தான் கையெழுத்தும் வைச்சவ. இனி எல்லா வடிப்பும் இண்டைக்கு வந்தமாதிரியே வர வேணும். அதைப் பாருங்கோ."

அவர் யோசித்தார். பிறகு, என்னிடம் முதல்முறையாக, 'ங்க' இல்லாமல் சொன்னார். "சரி சார். அப்ப அந்தப் பழைய பாட்டில்?"

"அதை நான் குடிச்சிட்டன்."

மகள் வெளியே வந்தாள். தொலைபேசி அவள் காதில் இருந்தது. கட்டடச் சொந்தக்காரரிடம் இடத்தை வைத்திருக்கிறோம், ஓம், முழு வருடத்துக்கும் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"என்ன ரெண்டு பேரும் ரகசியம் கதைக்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லை," என்றேன்.

"ஒண்ணுமில்லைங்க," என்றார் அவர்.

அவள் நம்பவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்ப் போத்தல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்க்கத் தொடங்கினாள்.